இருபத்தெட்டு நாள் அமானிதம்



2018ஆம் ஆண்டு அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியபோது எங்கள் தெருவைச் சேர்ந்த மூத்த சகோதரி ஒருவர் திண்ணையில் காத்திருந்தார். கணவரை இழந்தவர். இரண்டு ஆண், ஏழு பெண் என ஒன்பது வாத்துகளை வளர்த்து, முட்டை விற்ற காசில் காலம் தள்ளி வந்தவர். முந்தின நாள் இரவு தெரு நாய்கள் கூட்டின் படலைப் பிரித்து உள்ளே நுழைந்து, ஒன்று விடாமல் கடித்துப் போட்டுவிட்டிருந்தன. அவர் மடியில் ஓர் ஓலைக்கூடை. அதில் வைக்கோலுக்கிடையே இருபத்துநான்கு முட்டைகள்.

"ஹஜ்ரத், இனிமே இது மட்டுந்தான் மிச்சம். விக்க மனசு வரலே. உங்க பெட்டியிலே வெச்சுப் பாருங்களேன்" என்றார்.

பெட்டி என்று அவர் குறிப்பிட்டது, என் வீட்டு உள்ளறையில் இருக்கும் குஞ்சு பொரிக்கும் பெட்டியை. மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கல்லூரியில் நான் வரலாறு படித்தவன். கோழி, வாத்து பற்றிய படிப்பு ஏதும் எனக்கில்லை. ஆயினும் வீட்டுக் கோழிகளில் தொடங்கிய ஆர்வம் வாத்து முட்டையில் வந்து நின்றது. கோழி முட்டையைப் பொரிக்கத் தெரிந்தவரெல்லாம் வாத்து முட்டையைப் பொரித்துவிட முடியாது என்பதைச் சில இழப்புகளுக்குப் பின்னரே அறிந்தேன். எனவேதான் அன்று, "லாத்தா, வைத்துப் பார்க்கிறேன். ஆனால் உறுதி சொல்ல மாட்டேன்" என்று கூறிக் கூடையை வாங்கிக்கொண்டேன். பிறருடைய பொருள், அதுவும் அவரிடம் எஞ்சியிருந்த ஒரே பொருள். அந்த அமானிதத்தின் கனம் அன்றிரவே தெரியத் தொடங்கிவிட்டது.

வாத்து தானே அடைகாக்காதா என்று நீங்கள் கேட்கலாம். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வாத்துகளில் அடைகாக்கும் இயல்பு பெரும்பாலும் மங்கிவிட்டது. காக்கி கேம்பல் போன்ற வெளிநாட்டு இனங்கள் மட்டுமல்ல, அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லப்படும் நம் நாட்டு வாத்துகளும் முட்டையை இட்டுவிட்டு எழுந்து நடந்துவிடும். மணிலா வாத்து என்று நாம் அழைக்கும் மஸ்கவி மட்டும் பொறுமையாக உட்காரும். அது வேறு இனம். அதன் முட்டை பொரிய 33 முதல் 35 நாட்கள் ஆகும். மற்ற வாத்துகளுக்கு 28 நாட்கள்.

மின்சாரப் பெட்டி இல்லாத வீட்டில் அடைக்கோழியே துணை. பெரிய உடற்கட்டுள்ள நாட்டுக் கோழி எட்டு அல்லது ஒன்பது வாத்து முட்டைகளை மூடிக் காக்கும். இதில் மூன்று சங்கடங்கள் உண்டு. கோழியின் கணக்கு 21 நாள். அதன் பின்னும் ஒரு வாரம் அது உட்கார வேண்டும். சில கோழிகள் எழுந்து போய்விடும். தீனியும் நீரும் அருகிலேயே வைத்தால் ஓரளவு நிலைக்கும். அடுத்து, வாத்து முட்டை கனமானது. கோழி அலகால் தள்ளித் திருப்புவது கடினம். நாமே கையால் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது, தாய் வாத்து குளத்தில் நனைந்து ஈர இறகோடு வந்து உட்காரும். கோழியோ உலர்ந்த உடம்போடு உட்காரும். ஆகவே பத்து நாட்களுக்குப் பின் தினமும் வெதுவெதுப்பான நீரை முட்டைகள் மீது லேசாகத் தெளிப்பது நலம். என் உம்மா இதை எந்த நூலிலும் படித்தவர் அல்லர். ஆனால் ஈரக் கையை முட்டைகள் மீது உதறுவதை நான் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். குஞ்சுகள் பொரிந்து, முதன்முதலாக வாய்க்காலில் இறங்கும் நாளில் அந்த வளர்ப்புத் தாய்க்கோழி கரையில் நின்று கதறும் கதறலைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். மீன் ஏற்றி வரும் தெர்மோகோல் பெட்டிதான் என்னுடையது. உள்ளே 40 வாட் குண்டு பல்புகள் இரண்டு, பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி ஒன்று, வெப்பம் கூடினால் பல்பை அணைத்து, குறைந்தால் ஏற்றும் தெர்மோஸ்டாட் ஒன்று, அடியில் ஒரு நீர்த்தட்டு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அதில் ஒளி உண்டு, போதிய சூடு இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் காற்றுத் துளைகள் அவசியம். ஓட்டுக்குள் இருப்பதும் மூச்சு விடும் உயிரே என்பதைப் பலர் மறந்து, சூடு வெளியேறுகிறதென்று துளைகளை அடைத்துவிடுகிறார்கள்.

விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் ஃபாரன்ஹீட் கணக்கில் அது 99.5. விசிறி இல்லையெனில் முட்டையின் மேல்மட்டத்தில் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாக வைப்பார்கள். மலிவான வெப்பமானிகளை அப்படியே நம்பாதீர்கள். வீட்டிலிருக்கும் காய்ச்சல் வெப்பமானியோடு சேர்த்து வெதுவெதுப்பான நீரில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்த சூடு குஞ்சைத் தாமதப்படுத்தும். மிகுந்த சூடு கொன்றுவிடும். இரண்டில் ஒன்று நேர்ந்தே தீருமென்றால் குறைவதே மேல்.

ஈரப்பதம் முதல் 25 நாட்களுக்கு 55 முதல் 60 விழுக்காடு, கடைசி மூன்று நாட்களுக்கு 70க்கு மேல். ஈரப்பதமானியைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டு நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, அதனுடன் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். முள் 75இல் நிற்க வேண்டும். எவ்வளவு விலகி நிற்கிறதோ அதுவே அக்கருவியின் பிழை.

லாத்தா கொண்டு வந்த முட்டைகள் நான்கைந்து நாட்களுக்குள் இட்டவை. அது ஒரு நல்ல காரியம். ஒரு வாரம் கடந்த முட்டையில் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த முட்டையைச் சமையலுக்கு அனுப்பிவிடுங்கள். அடைக்கு வைக்கும் முட்டையை, கூரிய முனை கீழிருக்கும்படி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும். வாத்து விடியற்காலையில் முட்டையிடும் பழக்கமுடையது. சேற்றுக் காலோடு அதன் மீதே நடக்கும். ஓட்டின் மேலுள்ள மெழுகு போன்ற பூச்சே கிருமிகளைத் தடுக்கும் இயற்கைக் காவல். கழுவினால் அக்காவல் போய்விடும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம். மிகவும் அழுக்கானதையும், விரிசல் கண்டதையும் வைக்கவே வேண்டாம். அழுகிய ஒரு முட்டை பெட்டிக்குள் வெடித்தால் மற்றவையும் கெடும். அந்த நாற்றம் மூன்று நாட்களுக்கு வீட்டை விட்டுப் போகாது என்பது என் மனைவியின் சாட்சியம்.

முட்டையைத் திருப்புவது ஏன் என்றால், அசையாமல் கிடந்தால் கரு உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். நாளொன்றுக்கு ஒற்றைப்படை எண்ணிக்கையில் திருப்ப வேண்டும் என்பார்கள். அப்போதுதான் நீண்ட இரவில் ஒரே பக்கமே தினமும் கீழே இராது. எனக்கு இதற்கென்று கடிகாரம் தேவைப்படவில்லை. ஐவேளைத் தொழுகைக்குப் பின் ஐந்து முறை. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒருபுறம் அலிஃபும் மறுபுறம் பேயும் எழுதிவிடுவேன். "வாப்பா, இப்ப எல்லாம் அலிஃபுக்கு வந்திருச்சு" என்று என் மகள் கூவினால் வேலை முடிந்தது என்று பொருள். எட்டாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் பெட்டியைத் திறந்து முட்டைகளை ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரைப் பனிபோல் தெளிப்பேன். தாய் வாத்து இரை தேடப் போய் வரும் நேரத்திற்கு அது ஈடு.

ஏழாம் நாள் இருட்டறையில் கைப்பேசி விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற சிவந்த நரம்புகளும் நடுவே துடிக்கும் ஒரு புள்ளியும் தெரியும். ஒன்றுமின்றித் தெளிவாக ஒளிர்ந்தால் அது கூமுட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு உருவாகி இறந்துவிட்டது. அதை உடனே எடுத்து மண்ணில் புதைத்துவிட வேண்டும். பிலிப்பைன்ஸில் பதினாறு, பதினெட்டு நாள் கரு வளர்ந்த வாத்து முட்டையை அவித்து உண்பார்கள். அறுக்கப்படாமல் இறந்த உயிர் என்பதால் நமக்கு அது ஆகாது. அந்நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும் என்றே இதைக் குறிப்பிடுகிறேன்.

லாத்தாவின் இருபத்துநான்கில் ஏழாம் நாள் மூன்று கூமுட்டைகள் கழிந்தன. பதினான்காம் நாள் மேலும் இரண்டு. மீதம் பத்தொன்பது.

அவசரத்தால் வந்த இழப்பு

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2016இல் என் முதல் ஈடு வாத்து முட்டைகளில் ஒரு குஞ்சு ஓட்டில் நட்சத்திரம் போல் சிறு விரிசலிட்டது. உள்ளிருந்து கீச்சென்ற ஒலியும் கேட்டது. கோழிக்குஞ்சு அரை நாளில் வெளிவந்துவிடும். இதுவோ ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தும் வரவில்லை. ஏழு வயதிலிருந்த என் மகள், "அது களைச்சுப் போச்சு வாப்பா, தொறந்து விடுங்க" என்றாள். எனக்கும் பொறுமை இல்லை. ஓட்டைப் பெயர்த்தேன். உட்சவ்விலிருந்து இரத்தம் கசிந்தது. மஞ்சள் கருவின் மீதி வயிற்றுக்கு வெளியே தொங்கியது. ஒரு மணி நேரத்தில் அது இறந்துவிட்டது.

விரிசலிட்ட பின் குஞ்சு உள்ளே ஓய்வெடுப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில்தான் பெரிய வேலை நடக்கிறது. சவ்வில் ஓடும் இரத்தம் முழுவதும் உடலுக்குள் திரும்ப வேண்டும்; எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட வேண்டும்; நுரையீரல் மூச்சுக்குப் பழக வேண்டும். வாத்துக்குஞ்சுக்கு இதற்கு 24 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். அதன் முன் ஓட்டைத் திறப்பவன் உதவி செய்பவனல்லன். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும் இதே குற்றத்தில் சேரும். ஈரம் வெளியேறி, உட்சவ்வு காகிதம்போல் உலர்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும்.

மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, அச்சிறுவனிடம் அதைப் பற்றியே பேசி ஆறுதல் அளித்த வரலாற்றை அவளுக்குச் சொன்னேன். மதரஸாவில் பலமுறை பாடமாகச் சொன்னதுதான். என் கையால் இறந்த ஒரு குஞ்சை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னபோது குரல் வேறாக இருந்தது.

மின்சாரம் போன இரவு

2018 நவம்பர் 16, அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. முந்தின நாள் இரவே மின்சாரம் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு அது திரும்பி வரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. முட்டைகளுக்கோ அன்று இருபத்தோராம் நாள்.

ஓடு பறந்த வீடுகளும் குடிநீருக்கு அலையும் மக்களுமாக இருந்த அந்த வேளையில் பத்தொன்பது முட்டைகளைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கே வெட்கமாக இருந்தது. பகலெல்லாம் பள்ளிவாசலில் சமைத்த உணவை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை. லாத்தாவின் கூரையும் போய், அவர் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா கட்டடத்தில் தங்கியிருந்தார். சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வாங்கியவர், குரலைத் தாழ்த்தி, "முட்டை என்னாச்சு ஹஜ்ரத்?" என்றார். அதன் பின் எனக்கு வெட்கம் இருக்கவில்லை.

வரலாறு படித்தது எனக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் இதுவென்று என் மனைவி சொல்வதுண்டு. பக்தாதில் 1162இல் பிறந்த அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி என்னும் மருத்துவ அறிஞர், 1200ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் வாழ்ந்தபோது அங்குக் கண்டவற்றை நூலாக எழுதினார். அதில் தாய்க்கோழியின்றி, சாண எரு மூட்டிய சூளை அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கும் எகிப்தியர்களின் தொழிலை விரிவாக விளக்கியுள்ளார். ஐரோப்பியர்களுக்கு அது வெகு காலம் வியப்பாகவே இருந்தது. பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் இக்கலை பற்றி நூல் வெளியிட்டது 1749இல்தான். எகிப்தின் அந்தத் தொழிலாளர்களிடம் வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையின் மேல் வைத்துச் சூட்டை அறிவார்கள். உடலில் மிக மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது.

வங்காளதேசத்தின் ஹாவோர் எனப்படும் தாழ்நிலச் சதுப்புப் பகுதிகளில் இன்னொரு முறை உண்டு. மூங்கில் பாயைச் சுருட்டிய உருளைகளில் நெல் உமியை நிரப்பி, துணியில் பொதிந்த வாத்து முட்டைகளை அதில் இறக்கி, விளக்குச் சூட்டில் வளர்ப்பார்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் வளர்ந்த கரு தானே சூட்டை வெளியிடும். ஆகவே பிந்திய நாட்களில் விளக்கு வேண்டாம். முட்டைகளைப் படுக்கையில் பரப்பிப் போர்வை போர்த்தினாலே போதும், ஒன்றின் சூட்டில் மற்றொன்று வளரும்.

என் முட்டைகளும் இருபத்தோரு நாள் வளர்ந்தவை. உமிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. பெட்டியின் அடியிலும் சுற்றிலும் உலர்ந்த உமியைக் கொட்டி, முட்டைகளைப் பழைய கைலித் துணியில் நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் போர்வை. பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகள் இரண்டு. விறகடுப்பு எரியும் சமையலறையில் வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றினோம். இரவு முறையை நானும் மனைவியும் பகிர்ந்துகொண்டோம். வெப்பமானியின் பேட்டரி இரண்டாம் நாளே தீர்ந்தது. திறந்த கடை எதுவுமில்லை. பிறகு கண்ணிமைதான். இமையில் வைத்தால் இதமாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் வெந்நீர், சுட்டால் போர்வையை விலக்குதல். நவம்பர் 20ஆம் நாள், அதாவது இருபத்தைந்தாம் நாளோடு திருப்புவதை நிறுத்தினேன்.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை பொரிந்திருக்க வேண்டும். ஓர் அசைவும் இல்லை. லாத்தாவிடம் என்ன சொல்வதென்று ஜும்ஆவுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மறுநாள் மாலை, காதோடு வைத்த முட்டைக்குள் தட்டும் ஓசை கேட்டது. சூடு குறைந்த நாட்களுக்கெல்லாம் கணக்குத் தீர்த்துக்கொண்டு அவை தாமதித்திருக்கின்றன. 25ஆம் தேதி ஃபஜ்ருக்குப் பின் முதல் குஞ்சு. 27ஆம் தேதிக்குள் பதினொன்று. எட்டு முட்டைகள் ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன. இம்முறை ஒன்றைக்கூட நான் பெயர்க்கவில்லை.

பொரிந்த குஞ்சை முதல் வாரம் 32 டிகிரி சூட்டில் வைத்து, வாரத்திற்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். சூடு சரியா என்று அவற்றையே கேட்கலாம்: ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர், விளக்கை விட்டு ஓடினால் வெக்கை. வாத்தென்றால் நீந்தும் என்று பொரிந்த குஞ்சைத் தொட்டியில் விடாதீர்கள். தாயின் இறகிலிருந்து எண்ணெய்ப் பசை ஒட்டாத குஞ்சு நனைந்து, விறைத்து இறக்கும். குடிநீர் மட்டும் மூக்குத் துளை நனையுமளவு ஆழம் இருக்கட்டும்; அலகைக் கழுவிக்கொள்ளாவிட்டால் அதற்கு மூச்சும் கண்ணும் அடைபடும். நியாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சைவிட இதற்கு அதிகம் தேவை. குறைந்தால் கால் வளையும். கோழித் தீவனம் மட்டுமே கொடுப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக் கொடுங்கள். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை ஒருபோதும் போடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேல் வான்கோழிகள் மடிந்ததற்குப் பூஞ்சை நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தார்கள். வாத்துக்குஞ்சு அந்த நஞ்சுக்கு இன்னும் எளிதில் இரையாகும். குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தமிடக் கூடாது என்பதையும் தாய்மார்கள் கவனியுங்கள். வாத்து பிளேக் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதைக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

பதினொன்றில் ஒன்று இரண்டாம் நாள் இறந்தது. மூன்று வாரம் கழித்து, தார்ப்பாய் வேய்ந்த தம் வீட்டிலிருந்து லாத்தா அதே ஓலைக்கூடையோடு வந்தார். பத்தையும் எண்ணி வைத்தேன். எட்டைக் கூடையில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டை என் மகள் மடியில் விட்டார். கூலி வேண்டாமென்று நான் மறுத்தேன்.

"கூலி வாங்கலேன்னா அடுத்த தடவை முட்டையை எங்கே கொண்டாறது?" என்றார்.

வாங்கிக்கொண்டோம். அவ்விரண்டில் ஒன்று ஆண், மற்றது பெண். லாத்தா இப்போது நாய் புகாதபடி கம்பி வலை அடித்த கூட்டில் பதினாறு வாத்துகள் வளர்க்கிறார். அவர் அனுப்பிய இருபது முட்டைகள் என் பெட்டியில் இருக்கின்றன. இன்று ஒன்பதாம் நாள். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது அஸர் பாங்கு கேட்கிறது. தொழுதுவிட்டு வந்து அவற்றைப் பேயிலிருந்து அலிஃபுக்குத் திருப்ப வேண்டும்.